எண்ணை எழுதியவர் முடிவெடுக்கட்டும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் அலுவலகத்தில் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு, தரவைப் பார்த்து முடிவெடுக்க எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தரவு, பகுப்பாய்வு என்றதும் பெங்களூரும் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கூட்டத்தில் அவற்றைப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. இதற்கு வேண்டிய நல்ல எடுத்துக்காட்டுகள் இந்த மலையிலேயே கிடைக்கின்றன. முதலாவது காவலூரில்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே செல்லப்போகிறது என்று வானியலாளர்கள் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். வானியலாளர் வேணு பாப்பு உருவாக்கிய காவலூர் வான்நோக்கு நிலையத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்பாராத ஒரு நேரத்தில் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். 'நேச்சர்' இதழிலும் அப்படியே வெளியானது.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரகத்துக்கு இந்தப் பக்கம் சில மங்கல்கள், அந்தப் பக்கமும் அதே தூரங்களில் மங்கல்கள். துணைக்கோள் என்றால் இருபுறமும் ஒரே கணக்கில் வராது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். காவலூரில் பழைய பதிவை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு, அதே இதழில், யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற ஒரு வளைய அமைப்பு இருப்பதாகப் பட்டாச்சார்யாவும் பாப்புவும் எழுதினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது கண்டுபிடிப்பு மட்டுமல்ல. புதுக் கருவி எதையும் வாங்கவில்லை, அந்த இரவும் திரும்பி வரவில்லை. கையில் இருந்த பதிவைப் பக்கத்து ஆளின் பதிவோடு வைத்து, வேறு கேள்வியோடு படித்தார்கள். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்ல யாரும் வெட்கப்படவில்லை. தரவைக் கையாளும் பயிற்சி என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான். எக்செல் சொல்லிக்கொடுப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

நம் அலுவலகங்களில் நடப்பது என்ன? மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி. திரையில் படங்கள் ஓடும். புதிய செயலியில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டுவார்கள். தேநீர், கையேடு, சான்றிதழ், குழுப்படம். மறுநாள் முதல், பயிற்சிக்குப் போன கிராம சுகாதார செவிலியர் பழைய பதிவேட்டோடு புதிய செயலியிலும் எழுதுகிறார். அதாவது எழுத்து வேலை இரட்டிப்பாகிறது. மாதக் கடைசியில் எண்கள் வட்டாரத்துக்குப் போகின்றன, அங்கிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து சென்னைக்கு. அனுப்பியவருக்கு அந்த எண்ணைப் பற்றி அடுத்து ஒரு வார்த்தை வருகிறதென்றால், அது பெரும்பாலும் 'ஏன் குறைவு?' என்பதாகத்தான் இருக்கும்.

ஏன் குறைவு என்று மட்டுமே கேட்கும் இடத்தில் எண் மெல்ல மெல்ல அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். இதற்கு நாடு முழுக்கத் தெரிந்த சான்று ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை. நம் நாட்டின் பிறப்பு எடைப் பதிவுகளை வரைபடமாகப் போட்டால் 2.5 என்ற இடத்தில் ஒரு குன்று எழுந்து நிற்கும். குழந்தைகள் அப்படிச் சரியாக இரண்டரைக் கிலோவில் வந்து பிறப்பதில்லை. 2.4 என்று எழுதினால் பின்தொடர் வேலை, விளக்கம், கேள்வி, 2.5 என்று எழுதினால் நிம்மதி. தராசின் முள்ளும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2.4 என்ற எண்ணால் அந்தக் குழந்தைக்கும் தனக்கும் ஏதாவது உதவி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் 2.4 என்றே எழுதியிருப்பார்.

இனி இந்த மலையில் நடந்த ஒரு பெரிய வேலைக்கு வருகிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் அதில் பங்கெடுத்திருக்கலாம், பலர் அந்த மாத்திரையை விழுங்கியிருப்பீர்கள். டிவோர்ம்3 என்ற குடற்புழு ஆய்வைச் சொல்கிறேன். பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்தது. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு: சமவெளியில் திமிரி, மலையில் நம் ஜவ்வாது.

ஆய்வின் கேள்வி தெளிவானது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கான தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. ஆனால் கொக்கிப்புழு பிள்ளைகளிடம் மட்டும் தங்குவதில்லை. வெறுங்காலோடு கொல்லையில் வேலை செய்யும் பெரியவர்களிடமும் அது தாராளமாக இருக்கிறது. பிள்ளைக்கு மருந்து கொடுத்து, அப்பாவையும் பாட்டியையும் விட்டுவிட்டால், அதே மண்ணிலிருந்து பிள்ளைக்குப் புழு திரும்பி வராதா? ஊர் முழுக்கப் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டு மருந்து கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா? இதைச் சோதிக்க ஒவ்வொரு நாட்டிலும் 40 பிரிவுகள் வகுத்து, 20-இல் எல்லோருக்கும் மருந்து, மற்ற 20-இல் வழக்கமான பள்ளித் திட்டம் என்று குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள்.

அந்த ஆய்வின் மருத்துவ முடிவுகளை அலச நான் வரவில்லை. என் கவனமெல்லாம் முதல் படியில் இருக்கிறது. மாத்திரையைத் தொடுவதற்கு முன்னால் அவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். திமிரியும் ஜவ்வாதும் சேர்ந்து ஏறத்தாழ 1.4 லட்சம் பேர். களப் பணியாளர்கள் கையில் ஸ்மார்ட்போன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அடையாள எண். மருந்து கொடுக்கும் நாளில் அந்தப் பட்டியலை வைத்தே கொடுத்தார்கள். யார் சாப்பிட்டார், யார் வீட்டில் இல்லை, யார் வேண்டாம் என்றார் என்பது ஆள்வாரியாகத் தெரியும்.

இதன் வித்தியாசம் பெரிது. வழக்கமான திட்டத்தில் 'கொடுத்த மாத்திரை எத்தனை' என்ற கணக்கு இருக்கும். 'கொடுக்க வேண்டியவர் எத்தனை' என்பதற்குப் பழைய கணக்கெடுப்பிலிருந்து ஓர் எண்ணை எடுத்து ஒட்டுவார்கள். பின்னத்தின் மேல் எண்ணுக்கு அத்தனை கவலைப்படுகிறோம். கீழ் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மலை ஊர்களில் இது இன்னும் சிக்கல். காப்பித் தோட்டத்துக்கும் திருப்பூருக்கும் குடும்பம் குடும்பமாகப் போய், விதைப்புக்கோ திருவிழாவுக்கோ திரும்புகிறார்கள். இங்கே கீழ் எண் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் 110 சதவீதம் தடுப்பூசி என்ற அதிசயமும் சில அறிக்கைகளில் நிகழ்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் ஊரில் 400 பேர். 340 பேர் மருந்து சாப்பிட்டார்கள். 85 சதவீதம். ஆய்வுக் கூட்டத்தில் இது இப்படிப் போகும்:

"எத்தனை?"

"எண்பத்தஞ்சு சார்."

"நல்லது. அடுத்த ஊர்."

இனி அதே எண்ணை அந்த ஊரின் பணியாளர் கையில் கொடுப்போம். விடுபட்ட 60 பேரின் பெயர் அவர் பட்டியலில் இருக்கிறது. பிரித்துப் பார்க்கிறார். 41 பேர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள், வெளியூர் வேலை. 11 பேர் ஒரே கொட்டாய்ப் பகுதி. ஓடைக்கு அந்தப் பக்கம், அன்று மழை. மீதி 8 பேர் கர்ப்பிணியும் உடம்பு சரியில்லாதவர்களும். இப்போது மூன்று முடிவுகள் தாமாகவே கண்ணில் படுகின்றன. ஆண்களுக்காகப் பொங்கலை ஒட்டி ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அல்லது ஞாயிறு மாலை போக வேண்டும். ஓடைக்கு அப்பால் நாளைக் காலையே போகலாம். எட்டுப் பேர் விஷயத்தை மருத்துவரிடம் விட வேண்டும். 85 என்ற எண்ணிலிருந்து இவற்றில் ஒன்றுகூடப் பிறக்காது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரிய பகுப்பாய்வாளருக்கும் ஓடை தெரியாது. பணியாளருக்குத் தெரியும். அவருக்கு இல்லாதது பட்டியலைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும், பிரித்துப் பார்த்தபின் 'நாளை ஓடைக்கு அப்பால் போகிறேன்' என்று தானே சொல்லும் உரிமையும்தான்.

பழக்கத்தைப் பயிற்சியில் கொடுக்கலாம். உரிமையை அதிகாரிதான் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் கொடுத்தால் காசு வீண்.

இது நடக்கக் கூடிய காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, ஸ்மார்ட்போன் இல்லாத காலத்துத் தமிழ்நாட்டைக் காட்டுகிறேன். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. டினிப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோடுவது. எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பது. கோடு ஏறாமல் படுத்துவிட்ட குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணை உணவு. தேறினால் நிறுத்திவிடுவது, தேறாவிட்டால் உணவைத் தொடர்வதோடு மருத்துவரிடமும் காட்டுவது.

இதைச் செய்தது யார்? உள்ளூர்ப் பெண்கள். தேர்வு விதியைக் கேட்டால் வியப்பாக இருக்கும்: ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நன்றாக வளர்த்திருக்கும் தாய்க்கு முன்னுரிமை. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் வேலை கணக்குக் கேட்பது அல்ல, கூட உட்கார்ந்து அட்டையைப் படிப்பது.

அந்த அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் மாதம், ஒரு பக்கம் கிலோ. முருகம்மாள் என்று வைத்துக்கொள்வோம், ஒன்பது மாதக் குழந்தை. ஐப்பசியில் ஒரு புள்ளி, கார்த்திகையில் கொஞ்சம் மேலே, மார்கழியில் அதே உயரம். எடை இன்னமும் 'சரியான' பட்டையில்தான் இருக்கிறது. மேலே அனுப்பும் அறிக்கையில் முருகம்மாள் ஆரோக்கியமான குழந்தை. ஆனால் அட்டையைப் பார்க்கும் பணியாளருக்குக் கோடு படுத்திருப்பது தெரிகிறது. "மார்கழியில வயித்தாலே போச்சா அம்மா?" என்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தை மெலிந்து தெரிவதற்குள்ளேயே உணவு தொடங்குகிறது. பகுப்பாய்வு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்த மேலாண்மை நூலிலும் படித்ததில்லை. ஒரு புள்ளி எதையும் சொல்லாது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்த கோடு சொல்லும். எப்போது என்ன செய்வது என்ற விதி முன்பே எழுதியிருந்தது. யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டில், 1982-இல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. அதன் அடிப்படை வேறு: எல்லாக் குழந்தைக்கும் சோறு. அளந்து தேர்ந்து கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா என்ற விவாதம் அன்று கடுமையாக நடந்தது. பசி விஷயத்தில் நான் சத்துணவுக் கட்சி. ஆனால் இரண்டுக்கும் இடம் இருந்தது என்பதும் உண்மை. டினிப்பின் பாடம் சோற்றில் இல்லை, அட்டையில் இருக்கிறது. பின்னாளில் எடைபோடுவது பல மையங்களில் வெறும் சடங்காகிப் போனதும் உண்டு. குழந்தை தராசில் ஏறும், எடை அட்டையில் ஏறாது. ஏறினாலும் தாயிடம் யாரும் பேசமாட்டார்கள். முடிவோடு பிணைக்காத அளவீடு எல்லா ஊரிலும் இந்தக் கதிக்குத்தான் வருகிறது.

அச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. பிரசவத்தில் தாய் இறந்தால் அந்த மரணம் ஒவ்வொன்றையும் ஆய்வு செய்யும் முறையைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்பே தொடங்கியது. 2004-இல் அதைக் கட்டாயமாக்கியது. வீட்டாரிடமும் மருத்துவமனையிலும் விசாரிப்பார்கள். மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலும் ஆய்வு நடக்கும். வலி எடுத்ததும் கிளம்ப முடிவெடுப்பதில் தாமதமா, வழியில் தாமதமா, மருத்துவமனைக்கு வந்தபின் தாமதமா என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். மலைக்காரர்களுக்கு நடுவில் உள்ள தாமதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தூளி கட்டித் தூக்கி வந்த கதைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மலைப்பகுதிகளில் நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க மகப்பேறு காத்திருப்பு அறைகள் அமைத்தது, பிரச்சினை பாதையில் இருக்கிறது என்று கண்டறிந்ததால்தான்.

இந்த ஆய்வு உயிரோடு இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. யாரைத் தண்டிக்கலாம் என்று தேடக் கூடாது. தேடினால் அடுத்த மரணம் 'காய்ச்சல்' என்றோ 'வேறு மாவட்டத்துக்கு அனுப்பிய நோயாளி' என்றோ பதிவாகும். கெட்ட எண்ணைக் கொண்டுவருகிறவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கும் அதிகாரியிடம்தான் உண்மையான எண் வந்து சேரும். மெமோ கொடுக்கிறவரிடம் 2.5 கிலோக் குழந்தைகள் மட்டுமே பிறந்துகொண்டிருக்கும்.

பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு மதுரையில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தை உருவாக்கியது. வேறு ஊர்க் கண் மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்களுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். முதலில் அந்த மருத்துவமனைக்கே சென்று பார்த்துவிடுவார்கள். பிறகு மருத்துவர், மேலாளர், செவிலியர் எல்லோரையும் ஒரே குழுவாக மதுரைக்கு வரச் சொல்வார்கள், அவர்களுடைய சொந்த எண்களோடு. எத்தனை அறுவை, எத்தனை பேர் மறுபரிசோதனைக்குத் திரும்பினார்கள், எங்கே சிக்கல் என்பதை அவர்களே அலசி, திரும்பிப் போய்ச் செய்ய வேண்டியதை அவர்களே எழுதுவார்கள். தலைவரை மட்டும் அனுப்பினால் அவர் உற்சாகத்தோடு திரும்புவார், ஒன்றும் நடக்காது. கீழே உள்ளவரை மட்டும் அனுப்பினால் அவர் சோர்வோடு இருப்பார். இந்தக் குழு விஷயத்தைத்தான் நம் துறைகள் அடிக்கடி கோட்டை விடுகின்றன.

ஜவ்வாதுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அலுவலர், செவிலியர்கள், ஆய்வக நுட்பர், மருந்தாளுநர், ஓட்டுநர். ஆம், ஓட்டுநரும்தான், தாமதத்தின் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. இவர்கள் மாதத்தில் ஒரு பிற்பகல், தங்கள் பதிவேட்டில் இருந்து ஒரே ஒரு கேள்வியை எடுக்கட்டும். 'இந்த மாதம் வரவேண்டிய கர்ப்பிணிகளில் வராதவர் யார்?' அவ்வளவுதான். பெயர்களைப் பலகையில் எழுதட்டும். ஊர்வாரியாகப் பிரிக்கட்டும். ஒரு முடிவு, ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. அடுத்த மாதம் அதே பலகையில் போன மாத முடிவு என்ன ஆயிற்று என்று தொடங்கட்டும். சாமையும் புளியும் தேனும் வாங்கி விற்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதே முறைதான். போன பருவத்தில் எந்த ஊர்ச் சரக்கு ஈரத்தால் தள்ளுபடியானது என்று பலகையில் எழுதினால், தார்ப்பாய் எங்கே அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். மாவட்டத்துக்கு அது தேவைதான். ஆனால் மாவட்டச் சராசரியில் ஜவ்வாது மலை கரைந்துவிடும் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஒரே எண் என்றால், சமவெளியின் நல்ல எண் மலையின் குறையை மூடிவிடும். மலை ஊர்களைத் தனியாகப் பிரித்துக் காட்டாத எந்த அறிக்கையையும் இங்குள்ள ஊராட்சித் தலைவர்கள் ஏற்க வேண்டியதில்லை. கேட்டு வாங்குங்கள். அது உங்கள் தரவு.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் எண்ணைக் கேட்பதற்கு முன், அதை எழுதி வந்தவரிடம், "இதைப் பார்த்து நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். முதல் மாதம் பதில் வராது. இரண்டாம் மாதம் பயந்துகொண்டு ஏதோ சொல்வார். அதையே நிறைவேற்ற வண்டியும் ஆளும் கொடுங்கள். மூன்றாம் மாதமும் மறக்காமல் கேளுங்கள்.